குளக்கட்டில் வெள்ளைத் துவாய்

நாற்பது தாண்டிய பிறகு எனக்கு மீண்டும் ஓடவேண்டும் என்று வந்தது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஒரு மைல் ஓட்டத்தில் என்னை முந்த ஆள் இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டொரு போட்டிகளில் ஓடினேன். ஓடி முடிக்கிற இடத்தில் மனைவி என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வன்னியில் காணி கிடைத்து வந்த முதல் வருஷமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளும் இல்லை. அதோடு ஓட்டமும் நின்றது.

பிறகு வயலும் நானும்தான். பொழுது பட்டால் வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. சித்திரைக்கு நெடுங்கேணியில் விளையாட்டுப் போட்டி என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். வெல்வதற்கல்ல. முடிவுக் கோட்டில் இன்னொரு தடவை எனக்கென்று யாராவது நிற்கமாட்டார்களா என்ற ஆசை. யார் நிற்கப்போகிறார்கள்? விசர் ஆசை.

எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு நீளமான இடம் குளக்கட்டு ஒன்றுதான். மாரிகாலம், குளம் முட்ட நிறைந்திருந்தது. முதல் நாள் விடிய எழும்பி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் சனம் முழுக்க மண்வெட்டியும் சாக்குமாக என் பின்னால் வருகிறது. மாரியில் கட்டின்மேல் ஒருவன் ஓடினால் கட்டு உடைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்கும் அது தெரியும். ஓடுகிற புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில், மறந்துபோனேன்.

"எங்க உடைஞ்சது?" முன்னால் வந்து நின்றவர் அடுத்த காணிக்காரர்.

"ஒண்டும் உடையேல்லை அண்ணை. சும்மா ஓடினனான்."

"சும்மாவோ? உமக்கென்ன விசரே?"

ஒருவர் மிச்சமில்லாமல் ஏசினார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஓடுறதெண்டால் தலையில வெள்ளைத் துவாய் கட்டிக்கொண்டு ஓடும். துவாயைக் கண்டால் நாங்கள் வரமாட்டம். உண்மையா உடைஞ்சால் கழட்டி வீசும்."

அப்படியே கட்டிக்கொண்டு ஓடினேன். அவர்களும் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று ஏச்சு வாங்கியபோது எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் கூட. அத்தனை பேர் என்னைக் கண்டு ஓடி வந்தார்களே. பிறகு ஒவ்வொரு விடியலிலும் துவாயைக் கட்டும்போது, இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு வரும்.

போட்டியன்றும் பழக்கதோஷத்தில் துவாயோடுதான் நின்றேன். இளந்தாரிகள் பறந்தார்கள். அவர்கள் எல்லோரும் முடித்த பிறகும் எனக்கு முக்கால் சுற்று மிச்சம் இருந்தது. எங்கள் ஊராட்கள் உட்பட, பார்க்க வந்த சனம் சோடாக் கடைப்பக்கம் திரும்பிவிட்டது. வெறும் வெளியில் நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. துவாயைப் பிடுங்கி எறிந்தேன்.

முடிவுக் கோட்டை வந்து தொட்டபோது அங்கே ஒருவர் நின்றார். அடுத்த காணிக்காரர். வெளியைக் குறுக்கறுத்து ஓடியிருக்கிறார். என்னைவிட அவருக்குத்தான் கூட மூச்சு வாங்கியது. கையில் என் துவாய்.

"கழட்டி வீசினீரெல்லே," என்றார். "என்னையறியாமலே எழும்பி ஓடி வந்திட்டன்."

துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன். அவர் போகவில்லை.