குடையில் வந்த ஆலங்கட்டி

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த ஆங்கில வகுப்பு நடந்தது. முதல் சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் பாடசாலை அதிபர் படியேறி உள்ளே வந்தார். நான் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பை யாரோ திறந்துவைக்கக் கூப்பிட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவரோ நேராக முன்வரிசைக்குப் போய், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். பதவி உயர்வுக்கு ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்ததால் அந்த வகுப்பில் சேர்ந்தேன். அதிபருக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். அவர் மைதானத்தில் நடந்து வந்தாலே பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். வகுப்பை நடத்திய பெண் அவரிடமே படித்தவள். அன்று அவள் முகம் சிவந்துபோனது. "சேர், நீங்க என்னயப் பேரு சொல்லியே கூப்பிடுங்க" என்றாள். "அது வெளியில. இங்க நீங்கதான் மிஸ்" என்றார் அவர். கடைசிவரை அந்தப் பேச்சிலிருந்து அவர் மாறவில்லை. சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி, அனுமதி கிடைத்த பிறகுதான் கேட்பார்.

ஏன் வந்தார் என்பது எனக்குச் சில வாரங்கள் கழித்து, பஸ்ஸில் சேர்ந்து திரும்பும்போது தெரிந்தது. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனவள். நோய் கண்டு அங்கேயே இறந்துவிட்டாள். இவருக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார். மனைவி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மிஞ்சியது அங்கே வளரும் பேத்தி ஒருத்தி. மருமகன் சின்ன வயதிலேயே அந்த நாட்டுக்குப் போனவர். தமிழ் அவருக்கு அரைகுறை. தாயோடு அந்த வீட்டிலிருந்து தமிழும் போய்விட்டது. கிழமைக்கு ஒருமுறை போனில் பேத்தியின் முகம் வரும். "ஹாய் தாத்தா" என்பாள். இவரும் "ஹாய்" என்பார். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அவளுக்கு அம்மா முகமே மறந்துகிட்டு வருது டீச்சர். அப்பாகிட்ட கேக்குறாளாம், அம்மா சின்னப்புள்ளையில எப்படி இருந்தாங்கன்னு. அவருக்கு என்னா தெரியும்? தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எனக்கு சொல்ற பாஷை இல்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் படித்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அலுவலகக் கடிதங்களுக்கான ஆங்கிலம் அவரிடம் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துக் கதை சொல்ல முடியவில்லை. காலங்களையும் வினைச்சொற்களையும் காலைக் கூட்டத்துக்கு முன்பு தன் அறையில் நின்று உரக்கச் சொல்லிப் பழகுவார். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'a', 'the' என்று எந்தச் சின்னச்சொல் வரும், எங்கே ஒன்றும் வராது என்பதில்தான் அவர் அதிகம் தடுக்கி விழுந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் திருத்துவார்கள். "தேங்க்யூ" என்று சொல்லி அழித்து எழுதுவார். எனக்கு அப்படி அழிக்கும் மனம் இருந்ததில்லை. பிழை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

மகளைப் பற்றி முதலில் எழுதிய பக்கத்தை அவர் வகுப்பில் வாசித்தார். நல்ல பெண், கீழ்ப்படிவுள்ளவள், படிப்பில் கெட்டிக்காரி, எல்லோருடனும் அன்பாகப் பழகுவாள். மிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். "சேர், கிரமர்ல ஒரு பிழையும் இல்ல. ஆனா..." என்று இழுத்தாள்.

"சொல்லுங்க மிஸ்."

"இது நீங்க பாடசாலையில குடுக்குற நற்சான்றிதழ் மாதிரி இருக்கு சேர். இதுல அந்தப் புள்ளை அம்மாவைப் பாக்க ஏலாது."

அவர் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

பல வாரங்கள் எழுதி எழுதித் திருத்திய பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை என்னைப் பாடசாலைக்கு வரச்சொன்னார். மைதானத்தின் மேல்விளிம்பில், தேயிலை தொடங்கும் இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். பேத்தி இருக்கும் கனடாவில் அப்போது காலை நேரம். "நான் தாளைப் புடிக்கணும் டீச்சர். நீங்க போனைப் புடிங்க" என்றார். காற்றில் தாள் படபடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார்.

மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது ஒருநாள் ஆலங்கட்டி மழை கொட்டியது. அவர் அப்போது இதே பாடசாலையில் ஆசிரியர். அவள் வெளியே ஓடி, குடையைக் கவிழ்த்துப் பிடித்து ஆலங்கட்டிகளைச் சேர்த்து, நனைந்த தலையோடு அப்பாவின் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றாள். பாடம் முடிந்து அவர் வெளியே வந்தபோது குடைக்குள் தண்ணீர்தான் கிடந்தது. "தொட்டுப் பாருங்கப்பா, இன்னும் குளிருது" என்றாள்.

அவர் நிறுத்தினார். திரையில் அந்தச் சிறுமி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா ஏன் உங்களைக் கூப்பிடவில்லை?"

அதற்குத் தாளில் பதில் இல்லை. அதிபர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவரே மெதுவாகச் சொற்களைத் தேடி ஆங்கிலத்தில் சொன்னார்: "அவளுக்கு என்மேல் பயம்."

சிறுமி சிரித்துவிட்டாள். "அம்மாவுக்குப் பயமா!" என்று கேட்டு, மடைதிறந்தது போல் பேச ஆரம்பித்தாள். எனக்கே பாதி பிடிபடவில்லை. அவர் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போலவே. மெதுவாகச் சொல்லும்படி கேட்டார். அவள் ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் சொன்னாள். காய்ச்சலில் கிடந்து பனியில் விளையாட முடியாமல் அழுத ஒருநாள், அம்மா சோற்றுச் சட்டியில் பனியை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கே வந்தாளாம். அதில் ஒரு குட்டி மனிதனைச் செய்து, கண்களுக்குக் கராம்பு வைத்தாளாம்.

மகளைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் கேட்பது, அவள் இறந்த பிறகு அதுதான் முதல் தடவை. அழைப்பு முடிந்ததும் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "முழுக்க வெளங்கிச்சி டீச்சர்" என்றார். "அவ சொன்னது முழுக்க வெளங்கிச்சி."

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் பரீட்சையில் தேறி வகுப்பை விட்டுவிட்டேன். அவர் இன்னும் போகிறார். போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். நின்றபடியே சொன்னார்.

"பேத்தி ஒரு சத்தத்தச் சொல்லிக்காட்டினா டீச்சர். ஆஸ்பத்திரியில அம்மா தெனமும் அவ தலையைத் தடவிச் சொன்னதாம். அர்த்தம் தெரியாமலே இவ்வளவு நாளும் மனசுல வச்சிருக்கா. உடைஞ்சு உடைஞ்சுதான் சொன்னா. எனக்கு ஒடனே புரிஞ்சிருச்சி, அது தமிழ். 'கண்ண மூடு, நான் இங்கதான் இருக்கேன்.'"

கையிலிருந்த கொப்பியைத் திறந்து அந்த வரியைக் காட்டினார்.

"அத இங்கிலீஷ்ல எழுதி மிஸ்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பினேன். மிஸ் ஒரு எழுத்தையும் திருத்தல."