ஞானமணி டீச்சர் நட்ட குழாய்

“சேர், ஞானமணி டீச்சர் மோசம் போயிட்டா. நித்திரையிலயே போயிட்டாவாம்.” வாழைச்சேனையிலிருந்து டீச்சரின் உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, அழுகைக்கு முன் எனக்கு வந்தது ஆறுதல்தான். நல்ல காலம், போன மாதம் போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

தேற்றாத்தீவில் இருந்த அவரது வீட்டைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. அதன் பின் இடமாற்றம் கேட்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான் அதிபராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தார். யுத்தம் முடிந்ததும் எங்களுக்கு நாலு கணினிகள் கிடைத்தன. நான் அவற்றைத் துணியால் மூடி, அறையைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் நேரே வந்து கையை நீட்டினார். “நானும் நல்ல சாமானெல்லாம் அலுமாரியில பூட்டித்தான் வச்சிருந்தன் சேர். கடல் அலுமாரியோட கொண்டுபோயிட்டு. திறப்பைத் தாங்க.” கொடுத்தேன்.

அந்த வருடம் எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் பிள்ளைகளின் படிப்பு அத்தோடு நின்றுவிடும். நகரத்து ஆசிரியர் ஒருவர் இணையத்தில் படிப்பிக்கச் சம்மதித்தார். ஆனால் வாவிக்கு அக்கரையிலிருந்து வந்த சிக்னல் கூரைக்கு மேலேதான் எட்டியது. டீச்சர் முற்றத்தில் இரும்புக் குழாயொன்றை நட்டு, வெட்டிய சோடாப் போத்தலுக்குள் இணையம் பிடிக்கும் டொங்கிளை வைத்து உச்சியில் கட்டி, வயரைக் கீழே இறக்கினார். முதல் நாள் ஆசிரியரின் குரல் கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். “இருங்க புள்ளையள், அவருக்கு நீங்க எழும்பினது தெரியாது” என்று சிரித்தார் டீச்சர்.

எனக்கோ அந்த வயரைப் பார்க்கப் பயம். கூரைக்கு மேல் ஒரு வயர் தெரிந்தாலே இராணுவ விசாரணை வந்த யுத்த காலத்தில் நரைத்த தலை இது. ஒரு சனிக்கிழமை தனியே போய்க் குழாயைச் சாய்த்து எல்லாவற்றையும் கழற்றினேன். காற்றுக்கு விழுந்துவிட்டது என்று திங்கட்கிழமை பொய் சொன்னேன். டீச்சர் அன்றே குழாயைத் திரும்ப நட்டார். யாரும் விசாரிக்க வரவில்லை. பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். பெற்றோர் எனக்குப் போட்ட மாலைதான் கழுத்தை உறுத்தியது.

போன மாதம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “தெரியும் சேர்” என்றார் டீச்சர். “காத்து முடிச்சை அவிழ்த்து, வயரை வட்டமாச் சுருட்டி, ஸ்டோர் ரூமுக்குள்ள கொண்டுபோய் வைக்குமா?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதிய இணைய இணைப்பு வந்துவிட்டது. பழைய குழாய் மட்டும் முற்றத்தில் நிற்கிறது. நேற்று அதன் உச்சியில் துக்கத்துக்கு வெள்ளைக் கொடியை நானே கட்டினேன். போய் வாருங்கள், டீச்சர். இந்த முடிச்சை நான் அவிழ்க்க மாட்டேன்.