இருநூற்றுப் பத்தாவது அடி

இருநூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் பீறிட்டதும் சூசையம்மா டீச்சர் கையைத் தூக்கி, "போதும் தம்பி, நிறுத்திருங்க" என்றார். நான் கம்ப்ரசரை நிறுத்தவில்லை.

முப்பது வருடம் போர்வெல் ரிக் ஓட்டியவன் நான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள எத்தனையோ நல்ல கிணறுகள் உண்டு. சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஓய்வுபெற்ற டீச்சருக்குத் திருக்கோஷ்டியூர் போகும் வழியில் ஒரு சின்னத் தோப்பு. நாற்பது தென்னை, கொஞ்சம் கத்தரி. கணவர் இறந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே பங்குக் கோயில் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்.

வந்தது ஒன்றரை இஞ்சுத் தண்ணீர். தோப்புக்குத் தாராளம். ஆனால் எங்களுக்குக் கூலி அடிக் கணக்கில். சொந்தமாக ரிக் வாங்க நான் முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"கோடையில இது நின்னு போயிரும் டீச்சர். இன்னும் கொஞ்சம் போனா மூணு இஞ்சு கெடைக்கும்."

"எனக்கு எதுக்குத் தம்பி மூணு இஞ்சு? ஆண்டவர் குடுத்தது போதும்."

"பெறகு வண்டியக் கூப்பிட்டா செலவு கூடும். நான் சொல்றேன்ல?"

என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

முந்நூற்று நாற்பதாவது அடியில், பாறையை உடைக்கும் ஹேமரின் சத்தம் மாறியது. ராடு சட்டென்று அரை அடி இறங்கியது. கீழே பாறையில் வெடிப்பு. மேல் ஊற்றுத் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கிவிட, வெறும் புழுதி பறந்தது. நானூறு வரை ஓட்டியும் ஈரமில்லை.

அந்தப் பாறைவாகு எனக்குத் தெரியாததல்ல. பக்கத்து ஊரில் இதேபோல் ஒரு கிணறு கெட்டதை நானே பார்த்திருந்தேன். "பாறை சரியில்ல டீச்சர்" என்று சொல்லி, நானூறு அடிக்கும் பணம் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கோடையில் தென்னைகள் கொண்டை சாய்ந்தன. டீச்சர் தோப்பை விற்றுவிட்டுக் காரைக்குடியில் மகள் வீட்டோடு போனார். நான் ரிக் வாங்கினேன். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து அதை மந்திரித்தார். தொழில் நன்றாகவே நடந்தது. வருடா வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு டீச்சர் வருவார். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்புவார். நான் தலை நிமிராமல் கும்பிடுவேன்.

பல வருடம் கழித்து, ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன்.

"பணத்தத் திருப்பிக் குடுத்தீகளா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி."

"அப்ப குடுத்துட்டு இங்குட்டு வாங்க."

பணத்தோடு காரைக்குடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சீக."

"ஆமா டீச்சர்."

"மூணு இஞ்சுக்கு ஆசப்பட்டுத் தலையாட்டுனதுக்குத்தான் ஆண்டவர் என்னத் தண்டிச்சுட்டார்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதப் பாவமுன்னு சாமியார்ட்டச் சொல்லி அழுதிருக்கேன்."

பணத்தை வாங்கிக்கொண்டார். "இது என் பணம், வாங்கிக்கிறேன். ஒங்க மனசு ஆறணும்னு வாங்கல." கதவைச் சாத்திக்கொண்டார்.

நம் தொழிலில் தப்பு மண்ணுக்கடியில் கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. தோட்டக்காரர் தன் விதி என்பார். தெய்வபயம் உள்ளவர் தன் பாவம் என்று சுமப்பார். ஒருவர் போதும் என்றால், அவருக்கு விவரம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். கம்ப்ரசரை நிறுத்துங்கள்.