பார்க்கலாம் என்றால் என்ன?

கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கடைப் பெண்கள் வைத்த பெயர் கண்ணாடிக்காரி. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நிச்சயமான நாளிலிருந்து அவள் ஃபோனுக்கு ஓய்வே இல்லை. சேர்ந்தே சமைப்பது, சாயங்காலம் சேர்ந்தே நடப்பது என்று இருவரும் மனக்கோட்டை கட்டித் தள்ளினார்கள். அவள் கறாராகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன். சம்மதமா?"

"பார்க்கலாம்" என்றான் அவன்.

அவள் வீட்டில் அப்பா பார்க்கலாம் என்றால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. அந்த நினைப்பில்தான் சந்தோஷமாகக் கழுத்தை நீட்டினாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் தனிக்குடித்தனம். சேர்ந்து சமைக்கிற லட்சணம் முதல் வாரமே தெரிந்துவிட்டது. அந்தச் சமையல் மேடைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் ஒருவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவன் கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து கட்டையைச் சாய்த்தால் குறட்டைதான். நடையாவது ஒன்றாவது! அதையெல்லாம் அவள் சிரித்தே விட்டுவிட்டாள். வேலையை மட்டும் விடுவதாக இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட லீவு இரண்டு மாதமாக நீண்டுவிட்டதால், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். இவனோ கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை துடைப்பக்காரர் கதவைத் தட்டினார். அவன் நாலைந்து துடைப்பங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு "பார்க்கலாம் அண்ணே" என்றான்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க தம்பி. போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்று அவர் சலித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி, நானும் துடைப்பமும் ஒன்றா?

"எனக்குச் சொன்ன பார்க்கலாமும் இதேதானா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்டுல யாரும் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டோம். மனசு நோகும்ல."

"இப்போ ரொம்ப குளிர்ந்து கிடக்குதாக்கும். நேராவே சொல்லுங்க."

"வேணாம்" என்றான் மெதுவாக. "சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்தா எப்பவும் பூட்டின வீடுதான். கல்யாணம் ஆனா கதவு திறந்திருக்கும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, "நாளைக்கு நான் போறேன்" என்றாள்.

போனாள். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதல் லென்ஸை அதிகமாகத் தேய்த்துவிட்டாள். அது ஃபிரேமில் நிற்காமல் நழுவியது. முதலாளியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்ததைச் சரியாகப் பொருத்தினாள்.

சாயங்காலம் படியேறி வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். சட்டைப்பையில் சாவி துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. இன்னொரு சாவி அவள் பையிலும் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"எழுந்திருங்க. நானும் வேலை முடிஞ்சு களைச்சுப் போய்தான் வர்றேன். எனக்கும் கதவு திறந்திருக்கணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவன் முனகிக்கொண்டே எழுந்து, பூட்டைத் திறந்து, உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"உள்ள வா" என்றான்.