கொசுறுக்கு பில் நம்பர் இல்லை

1991இல் எங்கள் தொழிற்சாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று கேட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார். இன்னொன்று கம்ப்யூட்டர் அறை. பிள்ளையாருக்கு ஃபேன்கூடக் கிடையாது, கம்ப்யூட்டருக்கு ஏசி. அதற்குப் பூசாரி நான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில், ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு முன்னாலேயே இருந்தது எங்கள் கம்பெனி. லாரிகளுக்கு டீசல் டேங்க் செய்தோம். ஒரே ஒரு பெரிய லாரி கம்பெனிதான் எங்கள் வாடிக்கையாளர். அவர்கள் தும்மினால் எங்கள் மேனேஜர் மாத்திரை போடுவார். அந்த வருடம் அவர்கள் ஒரு புது வழக்கத்தைச் சொல்லி அனுப்பினார்கள்: இனி மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக டேங்க் வேண்டாம், எப்போது வேண்டுமோ அப்போது, எத்தனை வேண்டுமோ அத்தனை. அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பது நிமிடக் கணக்கில் தெரிய வேண்டும், ஆகவே கம்ப்யூட்டர் வாங்குங்கள்.

வாங்கினார்கள். அதோடு என்னையும், ஆறு மாதத் தற்காலிகமாக. நான் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸில் பத்துப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் முறை வரும்போதெல்லாம் கரண்ட் போய்விடும். இந்த விவரத்தை இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஸ்டோர்ஸ் ஓர் அக்காவின் கையில் இருந்தது. வாலாஜாபாத்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒவ்வொரு ரேக்கிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, மீதி என்று அதில் அவர் எழுதியிருப்பார். ஆனால் அட்டையைப் பார்த்து அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே சொல்வார். அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் நான் டைப் அடித்தேன். பச்சை எழுத்து. அடித்து முடித்ததும் பிரின்டர் கரகரவென்று கத்திக்கொண்டு மடிப்பு மடிப்பாகப் பேப்பரைத் தள்ளும். பேப்பரின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டை இருக்கும் இல்லையா, அதைக் கிழித்து அக்காவிடம் கொடுப்பேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தோரணம் கட்ட அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரால் தனக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான் என்று வெளிப்படையாகவே சொல்வார்.

டேங்க் மூடியின் அட்டையை அடிக்கும்போதுதான் விவகாரம் தெரிந்தது. மூடிகள் அம்பத்தூரில் ஒரு பட்டறையிலிருந்து வரும். நூறு மூடிக்குப் பில் போட்டால், கூட இரண்டு மூடி கொசுறாகப் போடுவது அந்தப் பட்டறைக்காரரின் பழக்கம். பத்துக் கட்டு கீரை வாங்கினால் கொஞ்சம் கறிவேப்பிலை தருகிற மாதிரி. ஒன்றிரண்டு சொத்தை வந்தால் மாற்றிக்கொள்ளத்தான் அது. சொத்தை வராதபோது? கடைசி ரேக்குக்குப் பின்னால், அரைச்சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் ஐந்து கோணி மூட்டைகள் இருந்தன.

"எத்தனைக்கா?"

"இருநூத்திப் பத்து."

"இதையும் கம்ப்யூட்டர்ல போட்டுடட்டுமா?"

"போடு. இன்னா கேக்கும் அது?"

"பில் நம்பர் கேக்கும்."

"கொசுறுக்கு ஏது தம்பி பில் நம்பர்? அது அங்கியே கெடக்கட்டும். மூணு வருசமா வெளியாளு எவனும் பாக்கல. அம்பத்தூர் லாரி வராத அன்னிக்கு இதான் சோறு போடுது."

ஆகவே கம்ப்யூட்டருக்கு ஐந்து மூட்டைகளும் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும், மேனேஜர் உட்பட.

ஆறாவது மாதம் லாரி கம்பெனியின் பர்சேஸ் அதிகாரி ஒருவர் எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஸ்க்ரீனில் இருப்பதும் ரேக்கில் இருப்பதும் ஒன்றா என்று அவரே எண்ணிப் பார்ப்பாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒத்துப்போச்சுன்னா நீ பர்மனென்ட். ஒண்ணு கூடக்கொறைய இருந்துச்சுன்னா, உன் தாய்மாமா செங்கல்பட்டுல என்ன கடை வச்சிருக்கார்னு சொன்னே?"

"வாடகைப் பாத்திரக் கடை சார்."

"நல்ல தொழில். அதுலயும் எண்ணற வேலைதான்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில் கரண்டிகள் வந்தன. கல்யாணத்துக்குப் போன முந்நூறு கரண்டியில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு திரும்பி வருகிற மாதிரி.

அதிகாரி இரண்டு மணிக்கு வருவார் என்றார்கள். ஒன்றரைக்கு ஸ்டோர்ஸுக்குள் ஒரு சுற்று வந்தேன். ஸ்க்ரீனில் மூடி நாற்பத்தாறு. ரேக்கில் நாற்பத்தாறு. சரி என்று திரும்பியவனுக்கு, அரைச்சுவருக்கு மேலே ஒரு கோணியின் காது நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. மூன்று வருடம் வெளியாள் யாரும் பார்க்காத கோணி அது. அன்று என் கண்ணுக்கு அது கோபுரக் கலசம் மாதிரித் தெரிந்தது.

அக்கா கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூளை இருப்பவன் கேட்டிருப்பான். நானோ மூட்டைகளை எங்கே ஒளிப்பது என்று ஓடினேன். கேன்டீனுக்கு அதிகாரி டீ குடிக்க வருவார். ஸ்கிராப் குவியலைக் கட்டாயம் பார்ப்பார். கம்ப்யூட்டர் அறையில் வைக்கலாம்தான், ஆனால் அங்கேதான் முதலில் வருவார். கடைசியில், புளிய மரத்தடியில் நின்ற கம்பெனி பஸ் தெரிந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அஞ்சு மூட்டை. பழைய பேப்பர். பின் சீட்டுக்கடியில வச்சிட்டு ரெண்டே முக்காலுக்கு எடுத்துக்குறேன்."

"வச்சிக்கோ, வச்சிக்கோ," என்றார் கண்ணைத் திறக்காமல்.

பஸ் மூன்றேகாலுக்குத்தான் கிளம்பும். கணக்கு கனகச்சிதமாக இருந்தது. அதிகாரி மட்டும் இரண்டு மணிக்கு வந்திருந்தால்.

அவர் வந்தது இரண்டே முக்காலுக்கு. செருப்பைக் கழற்றினார், ஸ்க்ரீனைப் பார்த்தார், ஒரு பிரின்ட் எடுக்கச் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குள் நடந்தவர், நாற்பது வகை சாமான்களைத் தாண்டிப் போய் மூடி ரேக்கின் முன்னால் நின்றார். அவரே எண்ணினார். நாற்பத்தாறு. மறுபடியும் எண்ணினார். நாற்பத்தாறு.

"குட்," என்றார்.

மேனேஜர் என் தோளில் தட்டினார். ஆறு மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. செங்கல்பட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பரணில் ஏறின. அந்தச் சந்தோஷத்தில் நான் பஸ்ஸை மறந்தேன்.

அப்போது ஆபீஸில் போன் அடித்தது. அதிகாரிக்குத்தான். திரும்பி வந்தவரின் முகம் மாறியிருந்தது.

"எங்களுக்கு டேங்க் குடுக்கற இன்னொருத்தர் கவுத்திட்டார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நூத்தி இருபது டேங்க் வேணும், இல்லேன்னா எங்க லைன் நிக்கும். உங்ககிட்ட டேங்க் ரெடியா இருக்கு, பார்த்தேன். ஆனா மூடி நாப்பத்தாறுதான் இருக்கு, நானே எண்ணினேன்."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"சார், அது கம்ப்யூட்டர் சொல்ற கணக்கு. எங்க அக்கா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. என்னம்மா?"

"கீது சார். இருநூத்திப் பத்து," என்று அக்கா நிமிர்ந்து சொல்லிவிட்டு, அரைச்சுவருக்குப் பின்னால் போனார்.

எனக்குக் காது அடைத்துப்போனது. அடைத்த காதிலும் ஒன்று தெளிவாகக் கேட்டது: கேட்டைத் தாண்டும்போது எங்கள் பஸ் அடிக்கும் இரட்டை ஹாரன்.

அக்கா வெளியே வந்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"தம்பி."

"பஸ்ல இருக்குக்கா."

"இன்னாத்துக்குடா அது பஸ்ல போவுது? அதுக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?"

எவ்வளவோ சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். எல்லா உண்மையும் வரிசையாக வெளியே வந்துவிட்டது. கொசுறு, மூட்டை, பில் நம்பர், பழைய பேப்பர், தாய்மாமா கடைவரை. அதிகாரி முழுக்கக் கேட்டார். பிறகு, "என் கார்ல ஏறு," என்றார். "நானும் வரேன்," என்று அக்காவும் ஏறிக்கொண்டார்.

அம்பாசிடரின் முன் சீட்டில் டிரைவரோடு அதிகாரி. பின்னால் நாங்கள் இருவரும். சாலையின் இரண்டு பக்கமும் வெறும் பொட்டலும் ஏரியும். இன்று அந்த இடமெல்லாம் கார் கம்பெனிகளின் சுற்றுச்சுவர். அன்று ஒளிந்துகொள்ள ஒரு சுவர்கூட இல்லை.

"அக்கா, பஸ் சிங்கப்பெருமாள் கோவில் போயிடுச்சுன்னா?"

"போனா இன்னா? எல்லாரும் எறங்கி ட்ரெயினு புடிப்பாங்க. மூடிக்கு மட்டும் நீ டிக்கெட் எடுத்துக் குடு."

"என் வேலை போயிடும்க்கா."

"போவட்டும். மூணு வருசம் நான் சேத்தத எம் பேச்சக் கேக்காம தூக்கிக்கினு போன பாரு, அதுக்கே போவணும்."

முன் சீட்டில் அதிகாரியின் தோள் லேசாகக் குலுங்கியது. கோபமா, மேடு பள்ளமா தெரியவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நின்றிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகளில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது வழக்கமாகியிருந்தது. அதுவரை எனக்கு எரிச்சலாக இருந்த சோதனை, அன்று என்னைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்று சொல்லலாமா என்பது இறங்கிய பிறகுதான் சந்தேகமானது. பயணிகள் எல்லாரும் கீழே நின்றார்கள். ஐந்து மூட்டைகளும் ரோட்டில் இருந்தன. ஒன்றை அவிழ்த்துவிட்டு ஒரு கான்ஸ்டபிள் மூடியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ வந்துட்டாரு பாரு கம்ப்யூட்டரு!" என்று வெல்டிங் ஆள் ஒருவர் கத்தினார். "எங்க ட்ரெயினு போச்சுன்னா உன் கம்ப்யூட்டரா எங்கள வூட்டாண்ட கொண்டாந்து வுடும்?"

"பழைய பேப்பர்னு சொன்னியேப்பா," என்றார் பஸ் டிரைவர் வருத்தமாக. "நானும் அவருகிட்ட அதத்தான் சொன்னேன். அவுத்துக் காட்டி என் மூஞ்சியப் பாக்குறாரு."

"இன்னா இது?" என்றார் கான்ஸ்டபிள்.

"டேங்க் மூடி சார்."

"பில் எங்க?"

அக்கா முன்னால் வந்தார். "கொசுறு சார் அது. கொசுறுக்கு யாரு பில்லு தரா? கடையில கறிவேப்பில வாங்கிக்கினு பில்லு கேப்பீங்களா?"

கான்ஸ்டபிளுக்கு நியாயம் புரிந்த மாதிரி இருந்தது, ஆனால் விட மனமில்லை. அதிகாரி தன் அடையாள அட்டையைக் காட்டினார். இது எங்கள் லாரிக்குப் போகிற மூடி என்றார். என் பிரின்டின் பின்பக்கத்தில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். எத்தனை என்று எழுதச் சொன்னார் கான்ஸ்டபிள். எண்ணினார்கள். பஸ்ஸில் வந்தவர்களும் சேர்ந்து, ட்ரெயினைச் சபித்துக்கொண்டே, பத்துப் பத்தாக ரோட்டில் அடுக்கினார்கள்.

"இருநூத்தி ஒம்போது," என்றார் கான்ஸ்டபிள்.

"இருநூத்திப் பத்து," என்றார் அக்கா. "ஒண்ணு சீட்டுக்கடியில உருண்டிருக்கும்."

பஸ் டிரைவர் ஏறிப் பார்த்தார். இருந்தது. அதிகாரி அந்த ஒரு மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு அக்காவை வெகுநேரம் பார்த்தார். என் ஸ்க்ரீனை அவர் அப்படிப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் நூற்றிருபது டேங்கும் மூடியோடு போய்விட்டன. கிளம்பும்போது அதிகாரி மேனேஜரிடம் சொன்னார்: "அடுத்த மாசம் வருவேன். மீதி நூத்தி முப்பத்தாறு மூடியும் ஸ்க்ரீன்ல இருக்கணும். அப்புறம்தான் உங்க ஆர்டர், இந்தத் தம்பி வேலை, எல்லாம்."

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர் செவ்வாய்தோறும் வருவார். அவரிடம் கெஞ்சினேன். பில் நம்பர் இல்லாமல் சாமான் உள்ளே வரவே முடியாது, அப்படித்தான் கட்டியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். அவர் போன பிறகு, பில் நம்பர் கேட்ட இடத்தில் ஆங்கில எழுத்தில் கொசுறு என்று அடித்தேன். அது பேசாமல் வாங்கிக்கொண்டது. எத்தனை என்று அடுத்த கேள்வி.

"நூத்தி முப்பது போடு," என்றார் அக்கா, ஏசி அறைக்கு வெளியே செருப்போடு நின்றபடி.

"நூத்தி முப்பத்தாறுக்கா. அவரே எண்ணினாரு."

"ஆறு இருக்கட்டும். அதுக்குத் தெரிய வேணாம்."

இப்போது என் பிழைப்பே இந்த மாதிரி சாஃப்ட்வேர்தான். ஒரகடத்தில் இருக்கும் சாமானை போனிலேயே பார்க்கிறேன். குடோனில் இருப்பது தனி வரி, வழியில் வந்துகொண்டிருப்பது தனி வரி, அவசரத்துக்கு ஒதுக்கி வைப்பது தனி வரி. புதிதாக வரும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் இவற்றைத் தான்தான் கண்டுபிடித்த மாதிரிப் படம் போட்டு விளக்குகிறது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். வழியில் இருப்பது என்ற வரி வந்தால் பின் சீட்டுக்கடியில் ஐந்து கோணிகள். ஒதுக்கி வைப்பது என்றால் ஏசி அறைக்கு வெளியே நின்ற அக்காவின் செருப்புகள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இருமல் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள்.

அன்று அதிகாரி சொன்னபடியே அடுத்த மாதம் வந்தார். ஸ்க்ரீனில் மூடி வரியைக் காட்டினேன். கொசுறு, நூற்று முப்பது. அவர் அந்த எண்ணைப் பார்த்தார். அடுத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த ஓட்டைப் பட்டையை நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு," என்றார் அதிகாரி.

மறுநாள் என் பர்மனென்ட் லெட்டர் வந்தது. அக்காவிடம் காட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஓரத்துல பட்டை இல்லியா?" என்றார்.