பின்சுவரில் ஒரு சாண் பாசி

நான் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, இரண்டு தாவரங்களை ஒப்பிட்டு, படமும் குறிப்பும் சேர்த்துத் திரட்டேடு செய்யச் சொன்னார் அறிவியல் ஆசிரியை. வகைப்பாட்டுக்கு ஒரு கட்டம், அழியும் ஆபத்து உண்டா என்று சொல்லும் பாதுகாப்பு நிலைக்கு ஒரு கட்டம். மற்றவர்கள் வாழையும் தென்னையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பிடிவாதக்காரி. பள்ளி அலுவலக வாசலில் தொட்டியில் நின்ற ஊசியிலை மரத்தையும், எங்கள் ஊரான பாசிர் கூடாங்கில் வீட்டுப் பின்சுவரில் படிந்திருந்த பாசியையும் எடுத்தேன்.

"ரெண்டும் பச்சதானே லா. இதுல எழுத என்னா இருக்கு?" என்றார் அப்பா.

வகைப்பாடு சுலபமாக முடிந்தது. மரத்துக்குக் கூம்பும் விதையும் உண்டு, பூ கிடையாது. பாசிக்கு விதையுமில்லை, உண்மையான வேருமில்லை, சிதல்கள் எனும் நுண்துகள்களால் பரவுகிறது. அடுத்த கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லா ஊரிலும் தொட்டியில் விற்கும் அந்த மரம், தன் சொந்தத் தீவில் அழியும் ஆபத்தில் இருக்கிறதாம். பாசியின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதிவிடு என்றார் ஆசிரியை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. யாரும் மதிப்பிடாவிட்டால் நானே மதிப்பிடுகிறேன் என்று, பாசியைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தினமும் அளந்து எழுதினேன். தீபாவளிக்காகச் சுவரைத் தேய்க்க வந்த அம்மாவைக்கூட விரட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு இரசாயனத் தொழிற்சாலைகளில் தொட்டி கழுவும் வேலை. தீபாவளிக்கு வீட்டாரை அசத்திவிட நினைத்தாரோ என்னவோ, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டார். நான் பள்ளி விட்டு வந்தபோது பின்சுவர் பளிச்சென்று இருந்தது. பாசியும் இல்லை, கோடும் இல்லை. அப்பா பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பாசியின் பாதுகாப்பு நிலைக் கட்டத்தில் 'அழிந்துவிட்டது' என்று எழுதினேன். கீழே, 'காரணம்: என் அப்பா.'

திரட்டேட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா நிதானமாக வாசித்தார்.

"இதுக்குக் கீழயா சைன் வைக்கணும்?"

"ஆமாப்பா. நான் மாத்த மாட்டேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். சில மாதங்களில் பாசி தானாகவே வந்துவிட்டது. அதற்குள் நான் அதை மறந்தே போயிருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா பின்சுவர் முழுக்கச் சாயம் அடிப்பார். பாசி இருந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுவார். சோம்பேறித்தனம் என்று நான் கேலி செய்வேன்.

"சாயம் பத்தலம்மா" என்பார்.

ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வரும்போது மட்டும் சாயம் எப்படித் தீரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.