இடது தோள்

ஆர்விட் லெஹ்தோலா பிறவியிலேயே இடதுகைக்காரர். பள்ளிக்கூடத்தில் அதை அடித்துத் திருத்தினார்கள். பென்சில் வலது கைக்குப் போனது. கோடரி, தூண்டில், துப்பாக்கி மூன்றும் இடது கையிலேயே தங்கிவிட்டன.

இருபது வருஷம் மரலாரி ஓட்டினார். ஒருநாள் கட்டைகளை இறுக்கிய சங்கிலி அறுந்து தெறித்து வலது கண்ணைக் கொண்டுபோனது. அதன்பிறகு கிடங்கில் மரம் அளக்கும் வேலை. "இன்னொண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அந்த நவம்பரும் மான் வேட்டைக்குப் போனார். அவர் போகாத நவம்பர் ஒன்றே ஒன்று, மனைவி ஹெல்வி இறந்த வருஷம்.

எழுபத்து நான்காவது வயதில், ஆகஸ்டில், அவருக்கு இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகனின் அந்த வடகோடி வேட்டை ஊர்களின் ஆஸ்பத்திரிகளில், கருவியை மறுபக்கம் வைப்பதற்காக, வழக்கமாகக் கேட்பது "எந்தத் தோள்ல சுடுவீங்க?" என்றுதான். அன்று இருந்தவள் தெற்கிலிருந்து புதிதாக வந்த நர்ஸ். "எந்தக் கையால எழுதுவீங்க?" என்றாள். "வலது" என்றார் ஆர்விட். பொய் இல்லை. கருவியை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

மகள் வெர்னா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தாள். லாரி ஸ்பிரிங் எத்தனை அதிர்வில் முறியும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. துப்பாக்கிக் கட்டை வந்து பதிகிற அதே இடத்தில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. அதிலிருந்து இரண்டு கம்பிகள் இதயத்துக்குள் போகின்றன.

"அப்பா, இடது தோள்ல சுடுவேன்னு சொல்லலையா?"

"கேக்கலையே."

"நீங்களா சொன்னா என்ன?"

"எழுதுற கை எதுன்னு கேட்டா. எங்கயோ கையெழுத்து வாங்கப் போறான்னு நெனச்சேன்."

மறுபடி திறந்து மாற்றினால் இந்த வயதில் சீழ் பிடிக்கலாம் என்றார் டாக்டர். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதை பட்டுக் கம்பி முறிந்தால் இதயம் நின்றுவிடலாம் என்றும் சொன்னார். வலது தோளில் சுடட்டும், இல்லாவிட்டால் சுடாமல் இருக்கட்டும். வலது தோளில் வைத்தால் குறிபார்க்க வேண்டிய வலது கண் இல்லை. சுடாமல் இருங்கள் என்று வெர்னா ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள் அவர் பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவளே அவரை ஏற்றிக்கொண்டு குக்கோனெனின் துப்பாக்கிக் கடைக்கு வண்டியை விட்டாள்.

"வாடா ஒத்தக்கண்ணா. இன்னும் ஓடுதா?" என்றார் கல்லாவில் இருந்த குக்கோனென்.

"பேட்டரி பத்து வருஷம் வருமாம். உன் கடை வருமாடா?"

வெர்னா காகிதத்தை விரித்தாள். துப்பாக்கியின் எடை, குண்டின் எடை, வெடிமருந்தின் அளவு, வேகம். அப்பாவின் பழைய தர்ட்டி நாட் சிக்ஸ் துப்பாக்கி தோளில் இறக்கும் உதை, அவள் கணக்கில் இருபது அடி-பவுண்டு. சின்னக் குண்டு போடும் டூ ஃபார்ட்டி த்ரீயை எடை கூடியதாக வாங்கி, பின்னால் ரப்பர் மெத்தையும் வைத்தால் ஒன்பது.

"அது சின்னப் புள்ளைங்க சுடுறதும்மா" என்றார் ஆர்விட்.

"சாகப்போற மான் உங்க வயசைக் கேக்காதுப்பா."

குக்கோனென் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். இடதுகைக்காரர்களுக்கென்று செய்தது. "கொல்லும்டா, சந்தேகமே இல்ல. தோள் எலும்புல மட்டும் போட்டுடாத. முன்னங்காலுக்குப் பின்னால, நுரையீரல்ல போடு. குண்டு பொடிசு. எலும்புல பட்டா அந்தப் பக்கம் வராது, தரையில ரத்தம் விழாது. தேடித் தேடி நாக்கு தள்ளிடும்."

வெர்னா ஒன்பது என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

குறியைச் சரிபார்க்கப் பன்னிரண்டு தோட்டா ஆயிற்று. பன்னிரண்டையும் அவளே சுட்டாள். அவர் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து காப்பி குடித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று சுட விட்டாள். சுடும்போது அவள் பார்த்தது குறிப்பலகையை இல்லை, அவர் முகத்தை.

"என்னப்பா?"

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். உதடு வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். அந்த வருஷம் பனி விழவே இல்லை. காடெல்லாம் பழுப்புச் சருகு, ரத்தத் துளி லேசில் கண்ணில் படாது. மான் கண்ணில் படாமல் காத்திருக்கக் கட்டிய அவருடைய மறைப்பில் அவரை விட்டுவிட்டு, அரை மைல் தள்ளித் தன்னுடையதில் உட்கார்ந்தாள். ஏழு நாற்பதுக்கு அவர் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது கேட்கவில்லை. ஒரே உதை. அவளுக்கு அப்படியொரு நிம்மதி. பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குப் போனபோது அவர் மறைப்பு காலியாக இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கிளையில் ஆரஞ்சு நாடா தொங்கியது. ரத்தம் கண்ட இடத்தில் கட்டுவது. முப்பது அடியில் அடுத்தது. அதன்பிறகு நூறடிக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, சதுப்பு தொடங்கும் இடத்தில்.

அடிபட்ட மானை அங்கே யாரும் காட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. இருட்டும்வரை தேடுவார்கள், மறுநாளும் போவார்கள். விட்டுவிட்டு வந்தவன் பேரைக் கடைசிவரை சொல்லிக்காட்டுவார்கள். வெர்னாவுக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அவள் கணக்கில் துப்பாக்கி இருந்தது, தோள் இருந்தது, கம்பி இருந்தது. நடை இல்லை.

"அப்பா!" என்று கத்தினாள். முழங்கால் வரை சேறு. விழுந்து கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கிப் போனாள். ஒவ்வொரு மரத்தின் மேலும் சேறு படிந்த அவருடைய கைத்தடம். கடைசி மூன்று நாடாக்களில் முடிச்சு சரியாக விழவில்லை.

ஒரு தேவதாரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. தோட்டாக்களை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தார். தொப்பி கழன்றிருந்தது. இருபது அடிக்கு அப்பால் மான் செத்துக் கிடந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. குண்டு தோள் எலும்பில் பட்டிருந்தது.

அடக்கத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். வெர்னா கேட்டுக்கொண்டதால்தான். எட்டு ஐம்பத்திரண்டுக்கு இதயம் தாறுமாறாகத் துடித்து அடங்கியிருந்தது. அதன்பிறகும் கருவி நிமிஷத்துக்கு அறுபது தட்டு தவறாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கியபோதும் தட்டியிருக்கிறது.

"கம்பி ரெண்டும் நல்லா இருக்கும்மா" என்றார் பதிவை வாசித்தவர். உள்ளூர்க்காரர். "ஆகஸ்ட்ல இருந்த அளவு அப்படியே இருக்கு. உதை ஒண்ணும் பண்ணல."

அவள் தலையாட்டினாள்.

"எதுல சுட்டார்?"

"டூ ஃபார்ட்டி த்ரீ. நான் எடுத்துக் குடுத்தது."

"பொடிக் குண்டாச்சே" என்றார் அவர். பிறகு காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, பதிவு வாசிக்கும் கருவியின் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.